பூமிக்கு ஸ்டெதாஸ்கோப்!

ராத்திரி பத்தரை மணி. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, என் மச்சானின் மரவள்ளித் தோட்டம். மேற்கே கல்வராயன் மலை கறுப்பாகப் படுத்திருக்கிறது. தோட்டத்தின் நடுவே திருச்செங்கோட்டு போர் வண்டி 'கடகடகட'வென்று ஊரையே எழுப்பிக்கொண்டிருக்கிறது. 480 அடி போயாயிற்று. வருவது தண்ணீர் இல்லை, மாவு! சாம்பல் கலரில் கல் மாவு பறந்து பறந்து, மச்சான், நான், பக்கத்தில் கட்டியிருந்த எருமை மூவரும் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டோம்.

பாயிண்ட் பார்த்தவர் உள்ளங்கையில் தேங்காயை நிமிர்த்தி நிற்க வைத்து, "முந்நூறு அடியில ரெண்டு இஞ்சு தண்ணி. வரலேன்னா என் பேரை மாத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, தட்சணையோடு அந்தத் தேங்காயையும் எடுத்துக்கொண்டு போனவர்தான். இந்நேரம் வேறு பெயரில் எங்கோ சட்னி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

"மாமா, இன்னும் நூறு அடி பார்க்கலாமா?" என்றான் மச்சான். குரலில் அழுகை. அடிக்கு அடி காசு ஆயிற்றே!

பதில் சொன்னவர் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கொல்லைப் பெரியவர். "ஏன் தம்பி, ஆளாளுக்கு இப்படி ஆயிரம் அடி ஓட்டை போட்டா பூமி ஆடாம என்னா பண்ணும்? அன்னிக்கு பேரணாம்பட்டுப் பக்கம் ஆடுச்சே, டி.வி.ல காமிச்சானே!"

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. பாறை, ஓட்டை, தண்ணீர், பூகம்பம் என்று பெரியவர் முடிச்சுப் போட்ட இதே சமாசாரத்தைத்தான் மகாராஷ்டிராவில் பெரிய பெரிய விஞ்ஞானிகளும் முடிச்சுப் போட்டுப் பார்க்கிறார்கள். அதற்காக அவர்கள் போட்ட ஓட்டை ஆயிரம் அடி இல்லை ஸார்... ஏறக்குறைய பத்தாயிரம் அடி!

தலைவர் இல்லாத கூட்டம்

முதலில் பேரணாம்பட்டு. 2021 நவம்பரில் வேலூர் மாவட்டத்தில் பேய் மழை. மழை ஓய்ந்த கையோடு, நவம்பர் 29-ம் தேதி விடியற்காலை 3.6 ரிக்டர் அளவில் ஒரு குலுக்கல். டிசம்பர் 23-ம் தேதி 3.5 அளவில் இன்னொன்று. நடுநடுவே பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களில் 'டமால்' சத்தமும் சின்னச் சின்ன நடுக்கமும். ஜனங்கள் பிள்ளை குட்டிகளோடு தெருவுக்கு ஓடி வந்தார்கள்.

வழக்கமான பூகம்பம் எப்படி என்றால், அரசியல் கட்சி மாதிரி. பெரிய தலைவர் ஒருவர் வருவார். அவர் பின்னாலேயே வட்டம், மாவட்டம், கிளை என்று சின்னச் சின்ன அதிர்வுகள் வரிசையாக வந்து ஓயும். ஆனால் சில இடங்களில் தலைவரே கிடையாது. எல்லாம் ஏறக்குறைய ஒரே சைஸ். வாரக்கணக்கில், மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் மொய்க்கும். கல்வராயன் மலையில் தேனெடுக்கிறவர்களைக் கேளுங்கள்: கூட்டம் கலைந்து பறக்கும்போது எந்தத் தேனீ முதலில் கொட்டியது என்று யாராவது சொல்ல முடியுமா? அதேதான். விஞ்ஞானிகளும் இதைத் தேனீக்கூட்டத்துக்கு உண்டான வார்த்தையாலேயே அழைக்கிறார்கள். நாம் 'நிலநடுக்கக் கூட்டம்' என்று வைத்துக்கொள்வோம்.

ஜப்பானில் மட்சுஷிரோ என்று ஓர் ஊர். 1965 ஆகஸ்டில் ஆரம்பித்த கூட்டம் 1967 வரை விடவில்லை. கருவிகள் எண்ணியது ஏழு லட்சத்துக்கும் மேல். மனிதர்கள் உணர்ந்தது மட்டும் 60,000-க்கும் அதிகம்! அங்கே நிலம் வெடித்துத் தண்ணீர் பொங்கி வந்தது. 'அடியில் ஏதோ தண்ணீர் வேலை செய்கிறது' என்று உலகமே காதைத் தீட்டிக்கொண்டது.

நம் நாட்டில் மகாராஷ்டிராவின் பால்கர் மாவட்டம். 2018 நவம்பரில் தொடங்கி ஆயிரக்கணக்கில் சின்ன நடுக்கங்கள். ராத்திரி வீட்டுக்குள் படுக்கப் பயந்து ஜனங்கள் கூடாரத்தில் தூங்கினார்கள். நல்லவேளை, பெரிய தலைவர் யாரும் வரவில்லை.

ஆனால் எல்லா இடத்திலும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அதே மகாராஷ்டிராவில் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரி கிராமம். 1992 ஆகஸ்டிலிருந்தே சின்னச் சின்ன நடுக்கங்கள். அக்டோபரில் கொஞ்சம் பெரிதாக ஒன்று. பிறகு அடங்கிவிட்டது. 'அப்பாடா' என்று எல்லோரும் வேலையைப் பார்க்கப் போனார்கள். அடுத்த வருஷம் 1993 செப்டம்பர் 30. பிள்ளையாரைக் கரைத்துவிட்டு வந்து அசந்து தூங்குகிற விடியற்காலை, நாலு மணிக்குச் சில நிமிஷம் முன்பு வந்தது நிஜப் பூகம்பம். அரசாங்கக் கணக்கிலேயே ஏறத்தாழ 8,000 பேர் எழுந்திருக்கவில்லை.

ஆக, கேள்வி இதுதான்: அடியில் மொய்க்கிற கூட்டம் தானாகக் கலைந்து போகுமா... இல்லை, பின்னால் ஒரு தலைவன் வருகிறானா? மேலே உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. அதனால்தான் இறங்கிப் பார்க்கத் தீர்மானித்தார்கள். இறங்கின இடம், கொய்னா.

அறுபது வருஷமாக ஆடுகிற ஊர்

சதாரா மாவட்டத்தில் கொய்னா ஆற்றின் குறுக்கே 103 மீட்டர் உயரத்துக்கு ஓர் அணை. நம் கோமுகி அணையின் முழு மட்டம் 46 அடி. இதுவோ அடிக்கணக்கில் 338! 1960-களின் ஆரம்பத்தில் தண்ணீர் தேக்க ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளிலேயே அணையைச் சுற்றி 'குடுகுடு'வென்று பூமிக்கடியில் சத்தம். ஜன்னல்கள் நடுங்கின. 'தக்காணம் என்பது கெட்டிப்பட்ட பழைய பாறை. அங்கே பெரிய பூகம்பம் எல்லாம் வராது' என்று பாடப் புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

1967 டிசம்பர் 11. விடியற்காலை 4.21. ரிக்டர் அளவு 6.3. கொய்னா நகரில் வீடுகள் பொலபொலவென்று உதிர்ந்தன. சுமார் 200 பேர் செத்துப்போனார்கள். அணையில் விரிசல் கண்டது, ஆனால் உடையவில்லை. பிற்பாடு முட்டுக்கொடுத்துப் பலப்படுத்தினார்கள். நீர்த்தேக்கத்தோடு தொடர்புள்ள பூகம்பங்களில் உலகத்திலேயே மிகப் பெரியது என்று இன்றும் கொய்னாவைத்தான் சொல்கிறார்கள்.

அத்தோடு விட்டதா? இல்லை. தெற்கே வார்ணா ஆற்றிலும் ஓர் அணை கட்டி, 1985-ல் தண்ணீர் தேக்கினார்கள். ஆட்டம் அந்தப் பக்கமும் பரவியது. இன்றுவரை 5 ரிக்டருக்கு மேற்பட்டவை மட்டுமே இருபதுக்கும் அதிகம். சின்னது ஆயிரக்கணக்கில். எல்லாம் 20-க்கு 30 கிலோமீட்டர் அளவுள்ள ஒரு சின்ன வட்டாரத்துக்குள். மழைக்காலம் முடிந்து அணை நிரம்பும்போது ஆட்டம் கூடுகிறது. பின்பனிக் காலத்தில் மட்டம் இறங்கும்போது இன்னொரு தடவை கூடுகிறது. பஞ்சாங்கம் பார்த்து வருகிற பூகம்பம்!

டீக்கடை விஞ்ஞானம்

தண்ணீருக்கும் பூகம்பத்துக்கும் என்ன உறவு? 'தண்ணீர் பட்டால் வழுக்கும், அதனால் பாறை சறுக்குகிறது' என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது சரியில்லை. சரியான விடை டீக்கடையில் இருக்கிறது.

கொதிக்கிற வெந்நீரில் அலம்பின கண்ணாடி டம்ளரை ஈரமான மேசையில் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். யாரும் தொடாமலே தானாக நகரும். சின்ன வயதில் பேய் என்று நினைத்துக் கும்பிட்டிருக்கிறேன். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. உள்ளே மாட்டிக்கொண்ட காற்று சூட்டில் விரிந்து டம்ளரை மேலே தூக்கப் பார்க்கிறது. டம்ளர் மேசையை அழுத்துகிற அழுத்தம் குறைகிறது. மேசை கொஞ்சம் சாய்வாக இருந்தால் போதும், கிளம்பிவிடுகிறது.

பூமிக்கடியில் பிளவுகளும் அப்படித்தான். இரண்டு பக்கப் பாறையும் ஒன்றை ஒன்று இறுக்கி நெரித்துக்கொண்டு, சறுக்கத் தயாராகப் பல காலமாக நிற்கின்றன. அந்த நெரிசல்தான் பிடிமானம். பிளவுக்குள் இருக்கிற தண்ணீரின் அழுத்தம் கூடினால், அது இரண்டு பாறையையும் விலக்கித் தள்ளுகிறது, பிடி தளர்கிறது. டம்ளர் நகர்கிறது! இதில் அணைத் தண்ணீர் நேரே அத்தனை ஆழம் போக வேண்டும் என்றுகூட இல்லை. ரேஷன் கடை வரிசையில் கடைசி ஆள் தள்ளினால் முதல் ஆளின் மூக்கு கவுன்ட்டரில் இடிக்கிறதே, அந்த மாதிரி அழுத்தம் மட்டும் கைமாறிப் போனால் போதும். அதற்கு நாளாகும், மாதமாகும், சில இடத்தில் வருஷமும் ஆகும்.

ஒன்றைக் கவனியுங்கள். அணை பூகம்பத்தை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே பூமி சேர்த்து வைத்திருந்த இறுக்கத்தை அவிழ்த்துவிடுகிறது. அதனால்தான் உலகத்தில் ஆயிரக்கணக்கான அணைகள் இருந்தும், இந்தத் தொல்லை நூற்றுச் சொச்சம் இடங்களில் மட்டும்.

இதை அமெரிக்காக்காரன் தெரியாத்தனமாகக் கண்டுபிடித்தான். டென்வர் நகரத்துக்குப் பக்கத்தில் ராணுவம் 3,671 மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு, 1962-லிருந்து ரசாயனக் கழிவுநீரை உள்ளே தள்ளியது. கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டால் பிரச்னை தீர்ந்தது என்று நினைப்பு! ஊரே ஆட ஆரம்பித்தது. டேவிட் எவன்ஸ் என்கிற நிலவியல்காரர், எந்தெந்த மாதம் எவ்வளவு தண்ணீர் தள்ளினார்கள், எத்தனை நடுக்கம் வந்தது என்று இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். 1966-ல் நிறுத்தினார்கள். ஆனால் பெரிய நடுக்கம் 1967-ல்தான் வந்தது. அழுத்தம் கைமாறி நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது!

பிறகு 1969-லிருந்து அதே கொலராடோவில் ரேஞ்ச்லி எண்ணெய் வயலில் வேண்டுமென்றே செய்து பார்த்தார்கள். தண்ணீர் அழுத்தத்தைக் கூட்டினால் நடுக்கம், குறைத்தால் அடக்கம். ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி.

ஸ்வெட்டருக்கு மேல் ஸ்டெதாஸ்கோப்

சரி, இத்தனை தெரிந்த பிறகு கொய்னாவில் எதற்குத் துளை?

டாக்டரிடம் போகிறீர்கள். அவர் உங்கள் ஸ்வெட்டர், சட்டை, பனியன் எல்லாவற்றுக்கும் மேலே ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, பக்கத்து அறையில் குழந்தை அழ, ரோட்டில் லாரி ஹார்ன் அடிக்க, 'இதயம் நன்றாக இருக்கிறது' என்று சொன்னால் நம்புவீர்களா? தரைக்கு மேல் வைக்கிற நிலநடுக்கக் கருவிகளின் கதி அதுதான். காற்று, மழை, பஸ், பம்ப்செட், ஆடு மாடு எல்லாம் கேட்கும். போதாக்குறைக்கு மேல்மண்ணும் சிதைந்த பாறையும் நுணுக்கமான அதிர்வுகளைப் பஞ்சு மாதிரி விழுங்கிவிடும். மிகச் சின்ன நடுக்கங்கள் மேலே வந்து சேர்வதே இல்லை. ஆனால் பிளவு எங்கே ஓடுகிறது, எந்தத் திசையில் நகர்கிறது என்று கோள் சொல்வது அந்தச் சின்னதுகள்தான்!

ஹைதராபாத்தில் உள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் டாக்டர் ஹர்ஷ் குப்தா, பல வருஷமாகக் கொய்னாவையே சுற்றிவந்தவர். அவரும் மற்ற விஞ்ஞானிகளும் 'பிளவுக்குப் பக்கத்திலேயே போய்க் காதை வைப்போம்' என்றார்கள். 2011 மார்ச்சில் பல நாட்டு நிபுணர்கள் ஹைதராபாத்திலும் கொய்னாவிலும் கூடிப் பேசினார்கள். மத்திய புவி அறிவியல் அமைச்சகம் காசு கொடுத்தது. கராட் ஊரில் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சிக்கூடம் வந்தது.

முதலில் வெள்ளோட்டம்: சுமார் 1,500 மீட்டர் ஆழத்துக்கு ஒன்பது துளைகள். அவற்றில் ஆறில் நிலநடுக்கக் கருவிகளை இறக்கி நிரந்தரமாகக் காவல் வைத்தார்கள். பிறகு 2016 டிசம்பரில் வார்ணா பக்கம் கோத்தனே என்ற இடத்தில் பெரிய துளையை ஆரம்பித்து, 2017 ஜூனில் 3 கிலோமீட்டரைத் தொட்டார்கள். நம் திருச்செங்கோட்டு வண்டி ஒரே ராத்திரியில் ஆயிரம் அடி போய்விடும். அவர்களுக்கோ பத்தாயிரம் அடிக்கு ஆறு மாதம். நாம் தண்ணீரைத் தேடிப் போகிறோம். அவர்கள் ஒவ்வொரு அடியையும் விசாரித்துக்கொண்டே போனார்கள். கல் எப்படி, சூடு எவ்வளவு, வெடிப்பு எங்கே, வெடிப்பில் என்ன ஊறுகிறது, மேலே வருகிற சேற்றில் என்னென்ன வாயு கலந்திருக்கிறது... சம்பந்தி வீட்டு விசாரணை தோற்றது!

கிடைத்தது என்ன? மேலே 1,247 மீட்டர் வரை தக்காணத்து எரிமலைக் கல். அதற்குக் கீழே, நடுவில் வண்டல் அடுக்கு எதுவும் இல்லாமல், நேரே பழங்காலக் கருங்கல். நம் கல்வராயன் மலையைப் போலவே 250 கோடி வருஷத்துக்கு மேல் வயதான சங்கதி. அத்தனை கெட்டிப் பாறையில், அத்தனை ஆழத்தில், தண்ணீர் நடமாடக்கூடிய வெடிப்புகளும் இருந்தன. துளைக்குள் இறக்கிய கருவிகள், மேலே கேட்காத நடுக்கங்களையும் எழுதிக் காட்டின. எங்கே நடந்தது என்று இன்னும் துல்லியமாகச் சொல்ல முடிந்தது. ஆனால் கொய்னாவின் நடுக்கங்கள் பெரும்பாலும் அதற்கும் கீழே, பல கிலோமீட்டர் ஆழத்தில் பிறப்பவை. அதனால் 6 கிலோமீட்டர் வரை போய், அங்கேயே கருவிகளை உட்கார வைப்பது அடுத்த திட்டம்.

ஜெர்மனிக்காரர்கள் 9,101 மீட்டர் துளைத்துவிட்டு, 1994-ல் அடியில் 200 கன மீட்டர் உப்புத் தண்ணீரைத் தள்ளிப் பார்த்தார்கள். பத்திருபது டேங்கர் லாரித் தண்ணீர், அவ்வளவுதான். அதற்கே சுமார் 400 குட்டி நடுக்கங்கள் வந்தன. பூமி அத்தனை ஆழத்திலும் 'எப்போடா?' என்று சறுக்கத் தயாராகத்தான் நிற்கிறது என்று தெரிந்துபோனது.

கிணறு மூச்சு விடுகிறது

இதில் எனக்குப் பிடித்த சமாசாரம் ஒன்று. சந்திரன் இழுத்தால் கடல் பொங்குவது தெரியும். தரையும் பொங்குகிறது தெரியுமா? நாம் நிற்கிற பூமி தினம் இரண்டு தடவை சில பத்து சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறது. எல்லாம் சேர்ந்தே ஏறுவதால் நமக்குத் தெரிவதில்லை. ஆனால் பாறைக்குள் அடைபட்ட தண்ணீருக்குத் தெரியும்! கொய்னா-வார்ணா பகுதியில் 1990-களின் நடுவிலேயே சுமார் இருபது போர்வெல்களைப் போட்டு நீர்மட்டத்தை அளந்தார்கள். சில கிணறுகளில் தண்ணீர் சந்திரனுக்கு ஏற்ப மூச்சு வாங்குகிற மாதிரி ஏறி இறங்கியது. 4 ரிக்டருக்கு மேற்பட்ட சில நடுக்கங்களின்போது சென்டிமீட்டர் கணக்கில் மட்டம் மாறியதும் பதிவானது. போர்வெல் என்பது வெறும் தண்ணீர்க் குழாய் இல்லை ஸார். பூமியின் நாடி!

இதெல்லாம் சேர்ந்து, 'நாளைக் காலை ஆறே காலுக்குப் பூகம்பம்' என்று சொல்ல முடியுமா? முடியாது. இன்றைக்கு உலகத்தில் எவராலும் முடியாது. சொல்கிறேன் என்று யாராவது வந்தால், தேங்காயை முதலில் உள்ளே எடுத்து வையுங்கள். ஆனால் ஒரு நிலநடுக்கக் கூட்டம் தண்ணீரின் வேலையா, அழுத்தம் எந்தப் பக்கம் பரவுகிறது, அணையை எத்தனை வேகத்தில் நிரப்பலாம் என்பதற்கெல்லாம் துளைக்குள் இருக்கிற காதுதான் விடை தேடித் தரும்.

அதுவரை நம் கையில் இருப்பது சுவர். கில்லாரியிலும் கொய்னாவிலும் ஆளைக் கொன்றது பூமி பிளந்து அல்ல. மண்ணைக் குழைத்து அடுக்கிய கனத்த கல் சுவர்கள் தூங்குகிறவர்கள்மேல் சரிந்ததால். ஜன்னல், கதவுக்கு மேலே வீட்டைச் சுற்றிலும் ஒரே தொடராக ஒரு கான்கிரீட் பட்டை ஓட்டினால் சுவர்கள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். புது வீடு கட்டுகிறவர்கள் மேஸ்திரியிடம் மறக்காமல் கேளுங்கள். பெல்ட் கட்டியவன் வேட்டி அவிழாது!

பெரியவருக்குப் பதில்

இத்தனையும் கயிற்றுக்கட்டிலில் வைத்துப் பெரியவருக்குச் சொன்னேன். நம் போர்வெல் ஆயிரம் அடி என்றாலும் 300 மீட்டர்தான். பூகம்பம் பிறக்கிற ஆழத்துக்கு அது மாட்டின் தோலில் கொசுக்கடி, ஓட்டையால் பூமி ஆடாது என்றேன். கூடவே ஒரு நியாயத்தையும் ஒப்புக்கொண்டேன். ஸ்பெயினில் லோர்க்கா என்ற ஊரில் ஐம்பது வருஷத்தில் நிலத்தடி நீரை 250 மீட்டர் ஆழத்துக்கு உறிஞ்சி இறக்கிவிட்டார்கள். 2011-ல் அங்கே வந்து ஒன்பது பேரைக் கொன்ற பூகம்பத்துக்கு அதுவும் தூண்டுதல் என்று விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஓர் ஓட்டை ஒன்றும் செய்யாது. ஊரே சேர்ந்து அடியைக் காலி செய்தால் பூமி சும்மா இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "ஆக, அவங்க அடியில தண்ணி இருக்குன்னு பயப்படறாங்க. நாம இல்லேன்னு பயப்படறோம். அப்படித்தானே?"

710 அடியில் மச்சான் நிறுத்தச் சொல்லிவிட்டான். மாவு, மாவு, வெறும் மாவு. ராடுகளைக் கழற்றிக்கொண்டு வண்டி கிளம்பிப் போனதும் தோட்டத்தில் சட்டென்று ஒரு நிசப்தம். டார்ச் வெளிச்சத்தில் கேசிங் பைப் மட்டும் தரைக்கு மேல் ஓர் அடி நீட்டிக்கொண்டிருந்தது.

பெரியவர் மெல்ல மண்டி போட்டு உட்கார்ந்து, துண்டை விலக்கி, பைப்பின் வாயில் காதை வைத்தார். ரொம்ப நேரம் அசையவில்லை. எங்களுக்கே மூச்சு நின்றுவிட்டது.

"என்னா பெரிப்பா, ஏதாவது கேக்குதா?" என்றான் மச்சான்.

"கேக்குது" என்றார் அவர், எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டே. "'பசங்க விளையாடற இடம், முதல்ல மூடியைப் போடுங்கடா'ன்னு சொல்லுது."

அந்த ராத்திரியே இரும்பு மூடி தேடி, போல்ட் போட்டு முறுக்கிவிட்டுத்தான் படுத்தோம்.